பத்து நிமிஷம் என்று சொன்னீர்களே!

நேற்று பெங்களூரு விமான நிலையத்தில் ஓர் இத்தாலிய உணவகத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அம்மாவோடு மதுரைக்குக் கிளம்பியிருந்தேன். அல்சூரில் ஏறி, ஹெப்பாள் நெரிசலில் ஊர்ந்து, தேவனஹள்ளி போய்ச் சேர்ந்து, செக்யூரிட்டி முடித்து வெளியே வரும்போது இருவருக்கும் நல்ல பசி. இரவு 8.40க்கு விமானம். 25 நிமிஷத்துக்கு முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். உணவகத்தில் உட்காரும்போது மணி 7.20. முதல் வார்த்தையாகவே சொன்னேன்: "தம்பி, எட்டு மணிக்கு நாங்கள் எழுந்தாக வேண்டும். முடியுமா?" தமிழ் தெரிந்த பையன்தான். "பத்தே நிமிஷம் மேடம்" என்றான்.

யோசித்துத்தான் ஆர்டர் செய்தேன். பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மிளகாயும் போட்ட அல்யோ ஓலியோ. ஸ்பகெட்டி வேகப் பத்து நிமிஷம், அது வேகும்போதே பக்கத்து அடுப்பில் பூண்டை வதக்கிவிடலாம். அதைவிடச் சுலபமான பாஸ்தா கிடையாது.

அம்மாவுக்குச் சர்க்கரை. அந்தப் பத்து நிமிஷத்தை நம்பி, சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையைப் போட்டுவிட்டார்.

7.40க்குக் கேட்டேன், "இதோ ரெண்டு நிமிஷம்." 7.50க்குக் கேட்டேன், அதே ரெண்டு நிமிஷம். மாத்திரை போட்டும் சாப்பாடு வராததால் சர்க்கரை இறங்கி, அம்மாவுக்கு நெற்றியில் வியர்வை. தண்ணீர் கிளாஸைப் பிடித்த கை நடுங்குகிறது. என் பையில் கிடந்த கடலை மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் போட்டேன். கடவுளே, அது மட்டும் இல்லாவிட்டால்?

தட்டு வந்தது 8.02க்கு. ஸ்பகெட்டி ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தது. எப்போதோ வேகவைத்துப் போட்டது, அவ்வளவுதான். பூண்டு பொன்னிறத்தில் இருக்க வேண்டும், இது கருகிக் கசந்தது. பாஸ்தா வெந்த நீரைக் கொஞ்சம் ஊற்றிப் புரட்டினால்தான் எண்ணெய் இழையோடு ஒட்டும். இங்கே எண்ணெய் தனியாகத் தட்டின் அடியில் தேங்கி நின்றது. இதற்கு 695 ரூபாய்! அம்மா நாலு வாய் தின்றார். மிச்சத்தைக் கட்டித் தரச் சொன்னால் டப்பா தீர்ந்துவிட்டதாம்.

அப்புறம் பில். பத்து சதவீதம் சேவைக் கட்டணம் தானாகவே ஏறியிருக்கிறது. எந்தச் சேவைக்கு? அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. "எடுத்துவிடுங்கள்" என்றேன். "மேனேஜர் வரணும் மேடம்." மேனேஜர் எங்கே? வருவாராம். மணி 8.08!

இதுதான் என் வயிற்றெரிச்சல். நம்மால் நின்று சண்டை போட முடியாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வெளியே தெருவில் இருக்கும் ஓட்டல் என்றால் அரை மணி நேரம் நின்று கேட்டிருப்பேன். இங்கே கேட் மூடப்போகிறது, காசைக் கொடுத்துவிட்டு ஓடித்தான் ஆக வேண்டும். அந்தப் பையன்மீது எனக்குக் கோபம் இல்லை. இருபது மேஜைக்கு இரண்டே பேர், அவன் நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தான். ஆள் போடாமல், சமையலறையில் எவ்வளவு தாமதம் என்று தெரிந்தும் வருகிறவர்களை எல்லாம் உட்கார வைக்கிறார்களே, அவர்கள்மீதுதான் கோபம்.

நாற்பது நிமிஷம் ஆகும் என்றால் வாசலிலேயே சொல்லுங்கள். இரண்டு இட்லி வாங்கி என் அம்மாவுக்கு ஊட்டியிருப்பேன்.