ஒன்றரை மணி நேர வரிசையும் ஒரு காரின் கண்ணாடியும்

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனுக்குக் கிளம்பினால் போதும், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "28-ஆம் நம்பர் டிராமில் ஏறாமல் வந்துவிடாதே." அந்தப் புண்ணியவான் கையில் கிடைக்கட்டும், இருக்கிறது கச்சேரி.

காலை பத்து மணிக்கு, அந்த டிராம் கிளம்பும் மார்த்திம் மொனிஸ் சதுக்கத்தில் போய் நின்றேன். வரிசையின் வால் எங்கே என்று கண்டுபிடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. ஒன்றரை மணி நேரம் வெயில். வந்ததோ 1930-களின் மரப்பெட்டி, மொத்தம் 20 இருக்கை. பெரிய வண்டி விடச் சொல்லவும் முடியாது. அல்ஃபாமா என்ற பழைய பேட்டையின் சந்துகளில் சன்னலுக்கு வெளியே கை நீட்டினால் சுவர் தட்டும், மேடு வேறு நிமிர்ந்து நிற்கும். தண்டவாள அகலமே 900 மில்லிமீட்டர்தான். அந்தக் குட்டி வண்டிக்குத்தான் அந்தத் தெரு. மேட்டில் குடியிருப்பவர்களுக்கு அது டவுன் பஸ்! அதை ராட்டினம் ஆக்கி வைத்திருக்கிறோம் நாம்.

மேட்டுப் பகுதியான கிராசாவில் ஒரு பாட்டி காய்கறிப் பையோடு எப்படியோ நுழைந்துவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற இருவருக்கு இடமில்லை. தினமும் இதுதான் போலிருக்கிறது, முகத்தில் கோபம்கூட இல்லை. உள்ளே நீட்டிய கைகளும் செல்போன்களும்தான். வெளியே நீலமும் மஞ்சளுமாக அசுலேஜு என்ற வண்ண ஓடு பதித்த சுவர்கள் ஒரு முழம் தள்ளி நகர்கின்றன. பார்க்க விட்டால்தானே? முன்னால் நின்றவரின் முதுகுப்பை என் மூக்கில். ஐயா, அதைக் கழற்றிக் காலடியில் வைத்தால் குடியா முழுகிப்போகும்?

சரி, வண்டியாவது ஓடியதா? சே கதீட்ரலின் இரட்டைக் கோபுரத்துக்கு இன்னும் சில திருப்பங்கள் இருக்கும்போது டக்கென்று நின்றது. எவனோ காரை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான், பக்கக் கண்ணாடி தண்டவாளப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அரையடி. டிராம் ஒதுங்கிப் போகுமா என்ன? ஓட்டுநர் மணி அடித்தார். அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். பின்னால் இன்னொரு 28 வந்து நின்று அதுவும் மணி அடித்தது. செல்போன்கள் அதையும் படம் பிடித்தன.

பாட்டி ஏதோ முணுமுணுத்தார், பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடையைக் கட்டினார். கூடவே இறங்கியிருந்தால் இறக்கம்தான், அந்தச் சுவர்களையும் நின்று பார்த்திருக்கலாம்.

நான் இறங்கவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்று பிடித்த சீட், விடுவேனா?