சவுக்கு இல்லை சார், பங்குக் கணக்கு

போர்க்காலத்தில் எதிரிக் கப்பல்களைப் பிடிக்க அரசு அனுமதி பெற்ற தனியார் கப்பல்தான் பிரைவேட்டியர், அதன் கேப்டனையும் அப்படியே சொல்வார்கள். அந்தக் கப்பல்களில் மாலுமிகள் ஏன் கலகம் செய்தார்கள் என்று நேற்று ஒரு "கப்பல் கலகம்" பதிவு ஓடு ஓடென்று ஓடியது. பிரைவேட்டியர் என்றால் லைசென்ஸ் வாங்கின கொள்ளைக்காரனாம், கேப்டன் சவுக்கால் அடித்தானாம், மாலுமிகள் பொங்கி எழுந்தார்களாம். முடிந்தது வரலாறு! காரணம் சவுக்கு இல்லை, வேட்டையில் கிடைக்கும் பங்கு என்று கீழே நாலு வரி திருத்தம் போட்டேன். கிடைத்தது ஒரு சிரிப்புப் பொம்மை, கூடவே "கொள்ளைக்காரனுக்கு வக்காலத்தா?" என்று ஒரு கேள்வி. சரி, வக்காலத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரைவேட்டியர் கப்பலில் மாலுமி பெரும்பாலும் பங்குக்குத்தான் ஏறினான். வேட்டை இல்லையென்றால் கூலி இல்லை. எதிரி நாட்டுக் கப்பலைப் பிடிக்க வேண்டும். சரக்கறையை உடைக்காமல், காகிதங்களோடு துறைமுகம் சேர்க்க வேண்டும். கடல் வழக்கு நீதிமன்றம் "செல்லும்" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிறகு விற்பனை, முதலாளிகளின் பங்கு, அதற்கப்புறம்தான் மாலுமியின் கைக்குக் காசு. தப்பான கப்பலைப் பிடித்தால் கேப்டன் கழுத்துக்குக் கயிறு, விட்டுவிட்டாலோ மாலுமி வயிற்றுக்கு ஈரத்துணி. கலகம் பிறந்தது இந்த இடுக்கில்தான்.

1708இல் வூட்ஸ் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய பிரைவேட்டியர் கேப்டன் 'டியூக்', 'டச்சஸ்' என்று இரண்டு கப்பல்களோடு கிளம்பினார். மொத்தம் 333 பேர். முதலாளிகளுக்கு மூன்றில் இரண்டு, ஆட்களுக்கு ஒன்று. கலகம் வரும் என்று தெரிந்தே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அதிகாரிகளை ஏற்றியிருந்தார். அப்படியும் செப்டம்பரிலேயே வெடித்தது. ஏன்? ஒரு ஸ்வீடன் கப்பலைத் துரத்திப் பிடித்து, சோதித்து, தடைசெய்த சரக்கு எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார். அவ்வளவுதான் குற்றம்.

"அவரும் சவுக்கடி கொடுத்தாரே?" ஆமாம், கொடுத்தார். கலகத்துக்கு அப்புறம்! பத்துப் பேருக்கு விலங்கு. அவர்களை விடச் சொல்லி ஒரு மாலுமி பாதிக் கூட்டத்தோடு வந்து நின்றபோது, அவனைத் தனியே அழைத்துப் பிடித்து, அவனுடைய நெருங்கிய கூட்டாளி கையாலேயே அடிக்க வைத்தார். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் எது முன்னே, எது பின்னே என்று பார்க்க வேண்டாமா?

பிரைவேட்டியராகக் கிளம்பி, கொள்ளைக்காரன் என்று தூக்கில் போன ஆங்கிலக் கேப்டன் கிட் கதையும் இதே கணக்குதான். கப்பல் 'அட்வெஞ்சர் கேலி', 34 பீரங்கி. 1697 மார்ச் 25க்குள் வேட்டை கிடைக்காவிட்டால் போட்ட பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம். அக்டோபர் முடியப்போகிறது, சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாட்டவில்லை. எதிரே வந்த 'லாயல் கேப்டன்' ஆங்கிலக் கப்பல் என்று விட்டுவிட்டார். பீரங்கிக்காரர் வில்லியம் மூர் தளத்தில் உளி தீட்டிக்கொண்டே, எங்களை நாசமாக்கிவிட்டீர்கள் என்கிற மாதிரி பேச, கிட் இரும்புப் பட்டை போட்ட மர வாளியால் மண்டையில் அடித்தார். மறுநாள் மூர் செத்தார். வாளியின் விலை எட்டுப் பென்ஸ் என்று குற்றப்பத்திரிகையிலேயே எழுதிவைத்தார்கள்.

"அப்போ கேப்டன் கொடுங்கோலன்தானே?" அட, சண்டை எதைப் பற்றி வந்தது என்று கேளுங்கள் சாமி!

1698 ஜனவரியில் கொச்சிக்கருகே 'க்வெடா மெர்ச்சண்ட்' என்ற வியாபாரக் கப்பல் வந்தது. கிட் ஏமாற்றுவதற்காகப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அந்தக் காலத்து வியாபாரக் கப்பலில் இரண்டு மூன்று நாட்டுப் பாஸ்கள், அதாவது பயண அனுமதிச் சீட்டுகள், இருக்கும், எந்தக் கொடி தெரிகிறதோ அந்தப் பாஸை நீட்டுவார்கள். நீட்டினார்கள், பிரெஞ்சுப் பாஸ். கிட்டின் லைசென்ஸ்படி பிரான்ஸ் எதிரி நாடு, எனவே எதிரிக் கப்பல் என்று நிரூபிக்க அந்த ஒரு காகிதம் போதும் என்று கிட் நம்பினார். சரக்கு ஆர்மீனிய வியாபாரிகளுடையது, கேப்டனோ ஆங்கிலேயர். அங்கேதான் மாட்டினார்.

மடகாஸ்கர் பக்கம் போனதும் கிட்டின் ஆட்களில் நூறு பேர் வரை கல்லிஃபோர்டு என்ற கடற்கொள்ளைக்காரனின் கப்பலுக்குத் தாவிவிட்டார்கள். "பங்கு கிடைத்த பிறகும் ஏன் போனார்கள்?" என்று ஒருவர் மடக்குகிறார். அடுத்த பங்கு அங்கே இருந்தது, போனார்கள். இதில் என்ன புதிர்?

எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். கிட்டின் பயணத்துக்குப் பணம் போட்டவர்களில் கடற்படைத் தலைமையில் இருந்த ஆர்ஃபோர்டு உண்டு, சட்டத்தின் உச்சியில் இருந்த சாமர்ஸ் உண்டு, ராஜாவுக்கே பத்து சதவீதம் பேச்சு. 1701 மே 23 அன்று லண்டன் வாப்பிங்கில் கிட்டைத் தூக்கிலிட்டபோது முதல் கயிறு அறுந்தது, மறுபடி ஏற்றினார்கள். அடுத்த மாதமே சாமர்ஸும் ஆர்ஃபோர்டும் நாடாளுமன்ற விசாரணையிலிருந்து விடுதலை. தன் வழக்கு விசாரணையில் கிட் கேட்டுக் கேட்டும் கிடைக்காத அந்தப் பிரெஞ்சுப் பாஸ்கள் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டன் அரசு ஆவணக் காப்பகத்திலேயே கிடைத்தன. இதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போங்கள்.