கேட்காமல் ஊற்றிய பாட்டில்

சர்வீஸுக்கு விட்ட காரை எடுக்கப் போனால், பில்லில் நான் சொல்லாத ஒன்று சேர்ந்திருக்கிறது. எரிபொருள் அமைப்பைச் சுத்தம் செய்யும் மருந்து, ஒரு பாட்டில். யாரைக் கேட்டு ஊற்றினீர்கள் என்றேன். "இன்டேக் வால்வில் கரி பிடித்திருக்கும் சார், இது கரைத்துவிடும்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். இன்டேக் வால்வு என்பது சிலிண்டருக்குள் காற்றை விடும் கதவு. கரி இருந்ததைப் பார்த்தீர்களா என்றேன். பார்க்கவில்லையாம். எல்லா வண்டிக்கும் ஊற்றுவது வழக்கமாம். வயிறு எரிந்தது எனக்கு.

என் காரில் இருப்பது நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. இன்டேக் வால்வின் முதுகை அது தொடுவதே இல்லை. பெட்ரோல் படாத இடத்தை, பெட்ரோலில் கலந்த மருந்து எப்படிக் கழுவும்? பழைய வகை எஞ்சினில் வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோல் தெளிக்கப்படும். அங்கே பாலிஈதர்அமீன் என்ற, கரியைக் கரைக்கும் வேதிப்பொருள் சேர்ந்த நல்ல மருந்து உண்மையாகவே வேலை செய்யும். என் எஞ்சினிலும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனையில் படிந்ததை அது கரைக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது வால்வை. அங்கே கரி கெட்டியாகிவிட்டால் இன்டேக் பகுதியைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து எடுக்கிறார்கள். எஞ்சினைப் பிரித்து மாட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தே விற்கிறார்கள் என்பதுதான் பொறுக்கவில்லை.

ஆக்டேன் விஷயத்திலும் இதே கதைதான். ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைச் சொல்வதில்லை. அழுத்தமும் சூடும் ஏறும்போது, தானாகத் தீப்பிடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. ஐசோஆக்டேனை 100 என்றும் ஹெப்டேனை 0 என்றும் வைத்து அளந்த எண் அது. கையேட்டில் 91 போதும் என்று எழுதியிருக்கும் சாதாரண எஞ்சினில் 98 ஊற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. 98 கேட்கும் எஞ்சினில் 91 ஊற்றினால்தான் பாதிப்பு. பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்கும்போது எழும் தட்டல் சத்தத்தை நாக் சென்சார் என்ற உணர்கருவி உணர்ந்ததும், இக்னிஷன் டைமிங், அதாவது பொறி வைக்கும் நேரம், பின்னுக்குப் போகும், இழுவை குறையும், மைலேஜும் குறையும்.

இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் ஆக்டேன் எண்ணைக் கூட்டும் மருந்தான ஆக்டேன் பூஸ்டர் விற்பனை நடக்கிறது. 20 பாயின்ட் கூடும் என்று லேபிளில் கொட்டை எழுத்தில் இருக்கும். பல பாட்டில்களில் ஒரு பாயின்ட் என்பது 0.1 ஆக்டேன் மட்டுமே. 91 ஊற்றிய டேங்கில் அது சேர்ந்தால் 93 கிடைக்கும். வாங்குகிறவரோ 111 என்று நம்பிக்கொண்டிருப்பார். சிலவற்றில் மாங்கனீசு அல்லது இரும்புச் சேர்மம் இருக்கிறது. அது எரிந்தபின் ஸ்பார்க் பிளக்கில் செந்நிறமாகப் படிகிறது. படிவு மிகுந்தால் பொறி தடுமாறும், எஞ்சின் திணறும். அதைச் சரிசெய்ய மறுபடியும் அதே கவுன்ட்டருக்குத்தான் போக வேண்டும்.

எஞ்சினுக்கு நல்லது என்ற சொல்லை நம்பி உலகம் ஏற்கெனவே பெரிய விலை கொடுத்திருக்கிறது. தட்டலை அடக்க டெட்ராஎதில் ஈயம் என்ற ஈயச் சேர்மம் உதவும் என்று அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் கண்டார். கார்களுக்கான ஈயப் பெட்ரோலைக் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல். அந்த நூறு ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் ஈயத்தைச் சுவாசித்து வளர்ந்தார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

சொல்ல வேண்டியதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பெட்ரோலில் பத்து சதவீத எத்தனால் கலந்தால் மைலேஜ் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். அந்தப் பெட்ரோலில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். டேங்கில் இருக்கும் பம்ப் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காருக்கு இது உண்மையான ஆபத்து. பில்லில் மருந்தைச் சேர்த்தவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? வண்டி எவ்வளவு நாள் நிற்கும், எந்தப் பெட்ரோல் போடுகிறேன், எதுவும் கேட்கவில்லை.

அந்த மருந்தைப் பில்லிலிருந்து அடிக்கும்வரை நான் கவுன்ட்டரை விட்டு நகரவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று. என்னைக் கேட்காமல் டேங்க் மூடியைத் திறக்கக் கூடாது என்று சர்வீஸ் அட்டையில் என் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.