அந்த மூஸ் போஸ் கொடுக்கவில்லை

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். "அக்கா, நீங்க இன்னும் ஒண்ணும் எழுதலையா?" என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்குக்கூட ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். நேற்று ராத்திரி அதே வீடியோவை வேறொரு குழுவில், "நேஷனல் பார்க்னா இப்படி என்ஜாய் பண்ணணும்" என்று எழுதி யாரோ பகிர்ந்திருந்தார்கள். கீழே இருநூறு இதயம். அதற்கு மேல் முடியவில்லை.

எந்த வீடியோ என்று சொல்லத் தேவையில்லை, எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். அமெரிக்காவின் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் நம் ஆட்கள் எடுத்தது. பின்னால் கிராண்ட் டீட்டன் மலை, முன்னால் ஏரி, கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு நான்கு, நடுவில் ஒரு தாய் மூஸும் அதன் கன்றும். மூஸ் என்றால் மான் குடும்பத்துப் பெரிய விலங்கு.

கயாக்கில் போனது தப்பில்லை. மூஸைப் பார்த்தது தப்பில்லை. வீடியோ எடுத்ததும் தப்பில்லை. கிட்டே போனதுதான் தப்பு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அந்தப் பூங்காவில் கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம், மூஸ், எல்க் மான், காட்டெருமை என்று மற்ற விலங்குகளுக்கெல்லாம் 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும். 25 கெஜம் என்பது ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு பேருந்தை நிறுத்தினால் வருகிற தூரம். அதுவும் குறைந்தபட்சம். அளக்கத் தெரியாதா, கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். விலங்கு முழுசாக விரலுக்குப் பின்னால் மறைந்தால் சரி. மறையவில்லையென்றால் பின்னால் போங்கள். அந்த வீடியோவில் முதல் கயாக்குக்கும் மூஸுக்கும் நடுவே இரண்டு துடுப்பு நீளம் இருந்தால் அதிகம். கட்டைவிரல் என்ன, கதவையே வைத்தாலும் மறைந்திருக்காது.

"பாருடா, நம்மளைப் பாத்து போஸ் குடுக்குது!" என்று ஒரு குரல் கேட்கிறதே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மூஸை மட்டும் பாருங்கள். இரண்டு காதும் பின்னால் மடங்கிப் படிந்திருக்கிறது. தோளுக்கு மேலே திமில் மாதிரி இருக்கும் இடத்தில் மயிர் சிலிர்த்து நிற்கிறது. நாக்கால் உதட்டை நக்குகிறது. கிளம்பிப் போய்விடு, இல்லையென்றால் வருகிறேன் என்று மூஸ் சொல்லும் விதம் இது. அதைத்தான் நம் ஆட்கள் போஸ் என்கிறார்கள். நல்லவேளை, அது வரவில்லை.

"நாங்க தண்ணில, அது பாட்டுக்கு நின்னுட்டு இருந்துச்சு" என்று ஒரு விளக்கம் வந்திருக்கிறது. தண்ணீரில் என்பதால்தான் இன்னும் மோசம். மூஸ் ஏரிக்குள் இறங்குவது குளிக்கிற ஆசையில் இல்லை. கோடைச் சூடு அதன் உடம்புக்கு ஆகாது. நிலத்துச் செடிகளில் கிடைக்காத சோடியம் ஏரிக்கடியில் வளரும் செடிகளில் இருக்கிறது. குளிர்காலம் முழுக்கக் குச்சியையும் பட்டையையும் தின்று ஒட்டிப்போன உடம்பு அது. மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் கன்று போட்டுவிட்டுப் பாலும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே போய் நான்கு கயாக்கை அரைவட்டமாக நிறுத்தினால் கரைக்குப் போகும் வழி எது? தாய்க்கு நீச்சல் நம் துடுப்பைவிட வேகம். கன்றுக்கு? அந்தக் கன்று தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நின்றதை எத்தனை பேர் கவனித்தீர்கள்?

கிட்டே போகக் கூடாது. திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று தெரியும். சொல்வேன்.

எங்கள் அப்பா இங்கே வந்திருந்த வருடம் ஜூலையில் அவரை அங்கே அழைத்துப் போனோம். வாழ்நாள் பூராவும் மாடு வளர்த்தவர், தண்ணீர் என்றால் மட்டும் பயம். லைஃப் ஜாக்கெட்டின் மூன்று பட்டையையும் இழுத்துக் கட்டிவிட்டு, "இது போதுமா, இன்னொண்ணு போட்டுக்கவா?" என்று கேட்டார். விடியற்காலையில் முதலில் ஆக்ஸ்போ பெண்ட். ஸ்நேக் ஆறு அங்கே வளைந்து அசையாமல் கிடக்கும், மோரன் மலை அதில் தலைகீழாகத் தெரியும். வெள்ளைக் கூழைக்கடாக்கள் ஒரு கூட்டம், பட்டமரத்தின் உச்சியில் ஒரு வெண்தலைக் கழுகு. கரையிலிருந்தே பார்த்துவிட்டு ஸ்ட்ரிங் ஏரிக்குப் போய் இரட்டை கயாக்கை இறக்கினோம். ஆழமில்லாத ஏரி, அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரியும். அதன் வடகோடியில் கயாக்கைக் கொஞ்ச தூரம் கையில் தூக்கிப் போனால் லீ ஏரி. மத்தியானத்துக்கு மேல் காற்றும் இடியும் வந்துவிடும், அதனால் காலையிலேயே போய்த் திரும்பிவிட வேண்டும்.

ஒரு குடாவில் திரும்பினோம். தூரத்தில் பழுப்பாக என்னவோ தெரிந்தது, நான் பாறை என்று நினைத்தேன். அப்பா திரும்பாமலே கையை மட்டும் பின்னால் காட்டினார். துடுப்பைத் தூக்கி மடியில் வைத்தேன். துடுப்பு நுனியிலிருந்து சொட்டும் நீர் டப், டப் என்று விழும் சத்தம்தான் எனக்குக் கேட்டது. அந்தப் பாறை தலையைத் தூக்கியது. வாயிலிருந்து நீண்ட பாசிக்கொடி தொங்க, மூக்கிலிருந்து தண்ணீர் வழிய, மென்றுகொண்டே எங்களைப் பார்த்தது. பின்னால் புதருக்குள் கன்று. என் வலது கை போனைத் தேடிப் போனது. அப்பா சொன்னார்: "அது நம்மளப் பாத்துருச்சும்மா. பாத்துருச்சுன்னா போதும், திரும்பு."

காற்று எங்களை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. பின்பக்கமாகத் துடுப்புப் போட்டு வெளியே வந்தோம். படம் எடுக்கவில்லையா என்றால், எடுத்தேன், வெளியே வந்த பிறகு. அதில் மூஸ் ஒரு பழுப்புப் புள்ளி. அந்தப் படத்தை இதே சுவரில் போட்டபோது, "இதுல மூஸ் எங்க?" என்று சிவப்பு வட்டம் போட்டு மீம் செய்தவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. சரி, அது போகட்டும்.

"வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தைத் தலையில தூக்கி வச்சு ஆடறீங்க" என்கிறார்கள். கன்று ஈன்ற மாட்டுக்குக் கிட்டே புது ஆள் போகக் கூடாது என்று எங்கள் அப்பாவுக்கு எந்த வெள்ளைக்காரன் சொன்னான்? நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம், விமானம் ஏறி வந்ததும் மறந்துவிடுகிறது.

"ஒண்ணும் ஆகலையே?" ஆகாதவரை ஒன்றும் ஆகாதுதான். 2016-இல் பக்கத்துப் பூங்காவான யெல்லோஸ்டோனில் காட்டெருமைக் கன்று ஒன்று குளிரில் நடுங்குகிறது என்று இரக்கப்பட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2023-இல் அதே பூங்காவில் ஆறு தாண்டும்போது கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஒரு கன்றை ஒருவர் கையால் தள்ளிக் கரையேற்றினார். இரண்டு கன்றையும் கூட்டம் திரும்பச் சேர்க்கவில்லை. ஆட்கள் பின்னாலும் கார் பின்னாலும் போக ஆரம்பித்துவிட்டன. கடைசியில் பூங்கா ஊழியர்களே கொன்றார்கள். தொட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, பாசத்தில் செய்ததுதான். பாசத்தை 25 கெஜம் தள்ளி நின்று காட்டியிருந்தால் இரண்டும் பிழைக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

"நீங்க என்ன ரேஞ்சரா?" இதற்குப் பதில் கிடையாது.

"மத்தவங்க பண்ணும்போது எங்க போனீங்க? நம்ம ஆளுங்கன்னா மட்டும் வந்துடுவீங்களே!" இது கொஞ்சம் சுட்டது, பொய் சொல்ல மாட்டேன். சாலையோரம் எல்க் நின்றால் காரை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடுபவர்களில் எல்லா நிறத்தவரும் இருக்கிறார்கள். கரடியோடு செல்ஃபி எடுக்கப் போன ஒருவரை என் கணவர் சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பினார். அந்த ஆள் தமிழர் இல்லை. ஆனால் அவர் வீடியோ நம் குழுவில் வந்து, நம் பிள்ளைகள் பார்த்து, "அடுத்த லீவுக்கு நாமளும் போலாம்பா" என்று கேட்கவில்லையே. வீட்டுக்குள் நடப்பதைத்தான் வீட்டுக்குள் பேச முடியும். இந்தப் பதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், "பொறாமை" என்று ஒரு தம்பி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆமாம் தம்பி, கொஞ்சம் பொறாமைதான். அத்தனை கிட்டே, அந்த வெளிச்சத்தில், கன்றின் இமை மயிர் தெரிகிற மாதிரி ஒரு படம் எனக்குக் கிடைக்கவே போவதில்லை. துடுப்பைத் தூக்கிவிட்டுத் திரும்பி வந்தவளுக்குப் பழுப்புப் புள்ளி. கிட்டே போனவர்களுக்கு இருநூறு இதயம்.

கடைசியாக, "தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே, எதுக்கு ஊரைக் கூட்டணும்?" சொன்னேன். வீடியோ வந்த அன்றைக்கே, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்து நான்கு வரி அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. மறுநாள் குழுவில், "சிலருக்கு அடுத்தவங்க சந்தோஷம் பிடிக்காது" என்று ஒரு பொன்மொழி வந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம். அவர்கள் பெண் பிறந்த அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில் கண்விழித்து உட்கார்ந்திருந்தவள் நான். அந்தச் "சிலர்" நான்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குடாவைச் சொன்னதே நான்தான். எந்த ஏரி, எத்தனை மணிக்கு இறங்க வேண்டும், எந்தப் பக்கமாகத் திரும்ப வேண்டும் என்று வரைபடத்தில் குறித்து அனுப்பினேன். தூரத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். இனிமேல் யார் கேட்டாலும் அந்த இடத்தைச் சொல்வதாக இல்லை, இன்பாக்ஸில் கேட்காதீர்கள்.

வீடியோவில் முதல் கயாக்கின் முனையில் மஞ்சளாக ஒரு நனையாத பை கட்டியிருக்கிறது பாருங்கள். அது என்னுடையது, கிளம்பும் முன்பு இரவல் வாங்கிப் போனார்கள். அப்பாவின் குளிர்த்தொப்பி அதன் உள்பையில் இருக்கிறது. பேச வேண்டாம், பெல் அடிக்கவும் வேண்டாம். வாசலில் வைத்துவிட்டுப் போனால் போதும்.