ஊறுகாய் டப்பாவில் பியர் போடச் சொல்லாதீர்கள்

நேற்று ராத்திரி, வீட்டில் நானே போட்ட நான்கு லிட்டர் பியரை சிங்க்கில் கொட்டினேன். கொட்டும்போதே பெருங்காய வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. பெருங்காயம்! ஒரு கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), கசப்பும் மணமும் தரும் கென்ட் பக்கத்து கோல்டிங்ஸ் ஹாப்ஸ் பூ, ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நின்ற நாலு மணி நேரம், இரண்டு வாரக் காத்திருப்பு, எல்லாம் சாக்கடைக்குப் போனது. "எந்த பிளாஸ்டிக் டப்பாவா இருந்தா என்ன, நல்லாக் கழுவினா சரியாப்போச்சு" என்று ஆளாளுக்குச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை நம்பியதுதான் காரணம்.

கழுவாமலா போட்டேன்? உணவகத்தில் வேலை செய்யும் நண்பர் கொடுத்த ஐந்து கிலோ மாங்காய் ஊறுகாய் டப்பா அது. சோப்புப் போட்டு மூன்று முறை, சோடா மாவு கரைத்த தண்ணீரில் இரண்டு நாள், அப்புறம் மூடியைத் திறந்து ஒரு வாரம் ஜன்னலோரம். முகர்ந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் வாடை போகவில்லை, பிளாஸ்டிக்குக்குள் இருந்தது. இந்த மாதிரி டப்பா செய்யும் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் எண்ணெயோடு ஒட்டும் குணம் உள்ளவை. வெந்தயம், பூண்டு, பெருங்காயம் இவற்றின் வாசனை எண்ணெயில் கரைவது. மாதக்கணக்கில் ஊறுகாய் எண்ணெய் தொட்டுக்கொண்டே இருந்தால் அது சுவருக்குள் இறங்கிவிடும். மேலே தேய்த்து என்ன பயன்? உள்ளே ஆல்கஹால் உருவாகி இரண்டு வாரம் ஊறும்போது மெல்ல மெல்ல வெளியே வருகிறது.

ப்ளீச் போடு என்கிறார்கள் சிலர். அதை இன்னும் மோசம் என்பேன். குளோரின் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் மால்ட்டில் உள்ள ஃபீனால் என்ற வேதிப்பொருளோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வாடை வந்துவிடும். துளியிலும் துளி போதும், நாக்கு கண்டுபிடித்துவிடும். கம்பி நாரால் தேய் என்பவர்களுக்கு ஒரு கும்பிடு. அந்தக் கீறலுக்குள்தான் பாக்டீரியா குடித்தனம் நடத்தும், எந்தக் கிருமிநாசினியும் அங்கே ஒழுங்காகப் போகாது.

அப்புறம் அந்த முக்கோணக் குறி! அடியில் 2 என்றோ 5 என்றோ போட்டிருந்தால் உணவுக்கு ஏற்றது என்று அடித்துச் சொல்கிறார்கள். இல்லவே இல்லை. அது எந்த வகை பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் சொல்லும். பெயின்ட் வாளியிலும் அதே எண் இருக்கும். இங்கே பிரிட்டனில் பார்க்க வேண்டியது கிளாசும் முள்கரண்டியும் போட்ட குறியை.

மூடி விஷயத்தில் விளையாடவே கூடாது. மால்ட்டிலிருந்து இறங்கும் சர்க்கரையில் 350 கிராமை ஈஸ்ட் தின்றுமுடித்தால் 90 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியாகும். ஐந்து லிட்டர் டப்பாவை இறுக்கி மூடிவிட்டுத் தூங்கப் போனால் அது தாங்குமா? மூடியில் ஒரு ஓட்டை, ரப்பர் வளையம், ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத சின்னக் குழாய்). அவ்வளவுதான் வேலை. அதைக்கூடச் சொல்லிக்கொடுக்காமல் "டப்பா எடு, ஈஸ்ட் போடு, மூடு" என்று சொல்வது பொறுப்பில்லாத்தனம்.

நான் பழைய டப்பாவுக்கு எதிரி இல்லை. காசு கொடுத்துப் புது வாளி வாங்கத்தான் வேண்டும் என்று மிரட்டுபவர்களும் எனக்குப் பிடிக்காது. பேக்கரியில் கேக் மேல் பூசும் ஐசிங் வரும் வாளி கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். சர்க்கரைதான், வாடையே ஒட்டாது. ஐந்து லிட்டர் குடிநீர் பாட்டில் அதைவிட எளிது, என்ன, கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் நெளிந்துவிடும், ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

வீட்டில் பியர் போட லைசென்ஸ் வேண்டும் என்ற விதியை 1963-இல் நீக்கியதிலிருந்து இந்த நாட்டில் யாரும் தன் வீட்டில் தனக்கென்று பியர் போட்டுக்கொள்ளலாம். ஆசையாக முதல் தடவை போடுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! ஊறுகாய் வாடை அடிக்கும் பியரைக் குடித்துவிட்டு "எனக்குக் கைவரவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. தப்பு அவர்கள் கையில் இல்லை, அந்த டப்பாவில்.

டப்பாவைக் கொடுத்த நண்பரிடம் இதை எல்லாம் இன்று காலை போனில் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்: "இன்னொரு தடவை வெந்நீர்ல கழுவிப் பாரேன்."