6,500 டாலருக்குப் போன ஃபெராரி

பழைய பந்தயக் கார் படத்தை யாராவது பகிர்ந்தால் போதும், கீழே வரிசை கட்டி வந்துவிடுவார்கள். "அப்பவே ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தா..." என்று ஒரு பெருமூச்சு, இன்று கோடிகளுக்குப் போகும் காரை அன்று சல்லிசாக விற்றவன் ஏமாளி என்று ஒரு தீர்ப்பு. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. விற்றவர்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஃபெராரி 250 ஜிடிஓவையே எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1964 வரை செய்தது 36 கார்கள். மூன்று லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின், அதன் மேல் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் ஆறு வெபர் கார்புரேட்டர்கள் வரிசையாக, சுமார் 300 குதிரைத்திறன். அலுமினியத் தகட்டை மொடேனாவில் ஸ்காலியெட்டி பட்டறைக்காரர்கள் கையால் தட்டி எடுத்ததால், ஒரு கார் மாதிரி இன்னொன்று அச்சு அசலாக இருக்காது. உள்ளே எட்டிப் பார்த்தால் பகட்டு கிடையாது. நீலத் துணி போட்ட சீட், கியர் கம்பி ஓடும் இடத்தில் வெறும் உலோகத் தடம், எதிரே எஞ்சின் சுழற்சியைக் காட்டும் பெரிய மீட்டர். ஸ்பீடோமீட்டரே இல்லை! பந்தயம் ஓட்டுகிறவனுக்கு அது எதற்கு?

அமெரிக்காவில் புதிதாக 18,000 டாலர் விலை. ஆனால் சில வருடங்களில் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த கார்கள் களத்தைப் பிடித்துக்கொண்டன. முன்னால் எஞ்சின் வைத்த ஜிடிஓவின் காலம் முடிந்தது. ஜெயிக்காத பந்தயக் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காய்கறி வாங்கப் போகலாமா? காதைப் பிளக்கும் சத்தம், உள்ளே அனல், டிக்கியைத் திறந்தால் பெட்ரோல் டேங்கும் ஸ்டெப்னியும்.

அதில் ஒரு கார் டெக்சஸில் விக்டோரியா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு நன்கொடையாகப் போனது. மெக்கானிக் வகுப்புப் பையன்கள் அதில் தொழில் பழகினார்கள். 1972-ல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. அப்புறம் ஒஹாயோவில் ஒரு திறந்தவெளியில், ட்ரெய்லர் மேல் ஏற்றியபடியே வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது.

இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த வருடம் ஃபோர்டு கம்பெனியின் சாதாரண முஸ்டாங் கார் ஒன்று புதிதாக 3,000 டாலருக்குள் கிடைத்தது. ஓசியில் வந்த, பத்து வருடப் பழைய காருக்கு இரண்டு புதுக் காரின் விலையை வாங்கியிருக்கிறார்கள். கெட்டிக்காரப் பள்ளி என்றுதான் நான் சொல்வேன்.

பந்தயக் கார்களைச் செய்தவர்களுக்கே அவற்றின் மேல் பெரிய பாசம் இருந்ததில்லை. 1961-ல் பந்தய ஓட்டுநர் பில் ஹில்லை ஃபார்முலா ஒன் உலக சாம்பியனாக்கிய, சுறா மூக்கு வைத்த ஃபெராரி 156 ஒன்றுகூட இன்று மிச்சமில்லை. எல்லாவற்றையும் கம்பெனியே உடைத்துப் போட்டது. ஜாகுவார் டி-டைப் 1955, 1956 இரண்டு வருடமும் பிரான்சின் 24 மணி நேரப் பந்தயமான லெமான்ஸில் ஜெயித்த கார். அப்படியும் விற்காமல் தேங்கி நின்றவற்றைச் சாலையில் ஓட்டும் காராக மாற்றித் தள்ளிவிடப் பார்த்தார்கள். 1957 பிப்ரவரியில் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது, அதில் ஒன்பது கார்கள் சாம்பல்.

சரி, விலை எப்படி ஏறியது? கார் மாறவில்லை. சிறுவயதில் வேலிக்கு வெளியே நின்று வாய் பிளந்து பார்த்தவர்கள் வளர்ந்து காசு சேர்த்தார்கள் என்பது என் கணிப்பு. 2018-ல் ஒரு ஜிடிஓ ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. 2019-ல் இத்தாலியில் பொலோன்யா நீதிமன்றம் ஜிடிஓவைக் கலைப்படைப்பு என்றே ஏற்றுக்கொண்டது. டெக்சஸ் பையன்கள் கிரீஸ் கையோடு கலைப்படைப்பைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்!

எனக்குப் பிடித்தவர் பிங்க் ஃபிளாய்ட் டிரம்மர் நிக் மேசன். 1962 லெமான்ஸில் மூன்றாவதாக வந்த ஜிடிஓவை 1977-ல் சுமார் 37,000 பவுண்டுக்கு வாங்கினார். வாங்கிப் பூட்டி வைக்காமல் பந்தயத்துக்கு எடுத்துப் போய் ஓட்டினார். இன்றைக்கு ஐந்து கோடி டாலர் கொடுத்து வாங்குகிறவர் அப்படி மிதிப்பாரா? அவரே ஆசைப்பட்டாலும் இன்ஷூரன்ஸ்காரன் விடமாட்டான்.