ஐந்தாவதாக வரும் பையன்

நவம்பர் முதல் வாரம் வந்துவிட்டால் எங்கள் இல்லினாய்ப் பெற்றோர் வட்டத்தில் ஒரு வாக்குவாதம் தவறாமல் கிளம்பும். பியோரியாவின் டெட்வைலர் பூங்காவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான மாநில கிராஸ் கன்ட்ரி போட்டி நடந்து முடிந்திருக்கும். ஓடுதளத்தில் அல்லாமல் திறந்த புல்வெளியில் ஓடும் மூன்று மைல் ஓட்டம். முடிவுகளைப் பார்த்ததும் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "எப்பப் பாத்தாலும் அதே நாலஞ்சு ஸ்கூல்தான் ஜெயிக்குது. காசு இருக்கிற ஊரு, பெரிய ஸ்கூலு, ஜெயிக்காம என்ன பண்ணுவாங்க?" உடனே இன்னொருவர், "அந்தக் கோச்சுங்க பிள்ளைங்களைப் பிழிஞ்சு எடுக்கிறாங்க, காலேஜ் போனதும் ஒண்ணும் மிஞ்சுறதில்ல" என்பார். இந்த வருடமும் வந்தது. வாட்ஸப்பில் நாலு வரியில் பதில் சொல்லித் தீராது என்பதால் இங்கே எழுதுகிறேன். என் மகள் ஓடுகிறாள் என்பதால் எனக்கு இதில் அக்கறை அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாநிலத்தில் ஆதிக்கம் என்று பேசினால் எல்மஹர்ஸ்ட் நகரின் யார்க் பள்ளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சிகாகோவுக்கு மேற்கே இருக்கும் புறநகர். அங்கே ஜோ நியூட்டன் என்ற கோச் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பையன்களை ஓடவைத்தார். 1962இல் முதல் மாநிலப் பட்டம். 2016இல் ஓய்வு பெறும்போது மொத்தம் 28. 2004இல் பள்ளி அணிகளுக்கான தேசியப் போட்டியை நைக்கி நிறுவனம் முதல்முறையாக நடத்தியபோது பையன்கள் பிரிவில் வென்றதும் யார்க்தான். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு முன்னால் பிரிட்டனின் ஓட்ட வீரர் செபாஸ்டியன் கோ அங்கே வந்து தங்கிப் பயிற்சி எடுத்தார், பிறகு போய் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். நியூட்டன் 2017 டிசம்பரில், 88ஆம் வயதில் காலமானார்.

28 என்ற எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இன்னொரு எண். அவருடைய அணியில் சில வருடங்கள் 200 பேருக்கும் மேல் இருந்தார்கள். மாநிலப் போட்டியில் ஓடப்போவது ஏழே பேர். மீதிப் பேரை வைத்துக்கொண்டு ஒரு கோச்சுக்கு என்ன லாபம்? மைதானத்தில் இடம் வேண்டும், சீருடை வேண்டும், பேருந்து வேண்டும், கால் சுளுக்கினால் பார்க்க ஆள் வேண்டும். இருந்தும் அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. குண்டாக இருந்த பையனும் வந்தான், மூச்சிரைக்கும் பையனும் வந்தான், சிறப்புத் தேவை உள்ள பையன்களும் வந்தார்கள். பலருக்கு அவரே ஒரு பட்டப்பெயர் வைத்தார். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவனும் வந்து அவரிடம் கைகுலுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. 200 பேருக்கு மேல் கைகுலுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வயதான மனிதர், தினமும் அதைச் செய்தார். கடைசியாக ஓடி வருகிறவனுக்கும், "இன்னைக்கு என்னை ஒருத்தர் பார்த்தார்" என்ற நிச்சயம் தினசரி கிடைத்தது.

"அது சரி, அதுக்கும் ஜெயிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நேரடியான சம்பந்தம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இந்த விளையாட்டில் புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும்.

ஒரு அணியிலிருந்து ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அந்த அணி வெற்றி. ஒரே அணி முதல் ஐந்து இடங்களையும் பிடித்தால் 15, அதற்குக் குறைந்து யாராலும் எடுக்க முடியாது. இப்போது ஒரு பள்ளியில் மூன்று அசாத்தியமான ஓட்டக்காரர்கள் இருக்கிறார்கள், முதல் மூன்று இடமும் அவர்களுக்கே என்று வைத்துக்கொள்வோம். நான்காமவன் 40, ஐந்தாமவன் 60 என்று வந்தால் மொத்தம் 106. இன்னொரு பள்ளியில் நட்சத்திரம் என்று சொல்ல ஒருவனும் இல்லை, ஆனால் 15, 17, 19, 20, 22 என்று கூட்டமாக வந்து சேர்கிறார்கள். மொத்தம் 93. கோப்பை இவர்களுக்கு. ஆறாமவனுக்கும் ஏழாமவனுக்கும் புள்ளி கிடையாதுதான், ஆனால் அவர்கள் எதிரணியின் ஐந்தாமவனுக்கு முன்னால் வந்துவிட்டால் அவனுடைய எண் அந்த அளவுக்கு ஏறும்.

ஆக, ஒரு பள்ளி வருடா வருடம் ஜெயிக்க வேண்டுமென்றால் அதற்குத் தேவை ஒரு மேதை கிடையாது. மேதை நான்கு வருடத்தில் படிப்பை முடித்துப் போய்விடுவான். நல்ல ஐந்தாவது ஆள் ஒவ்வொரு வருடமும் வேண்டும். அந்த ஐந்தாவது ஆள் எங்கிருந்து வருவான்? ஒன்பதாம் வகுப்பில் யாரும் கவனிக்காத, மைலுக்கு ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து. நீண்ட தூர ஓட்டத்தில் யார் எந்த வயதில் மலர்வான் என்று 14 வயதில் யாராலும் சொல்ல முடியாது. உயரம் கூடும்போது சிலருக்கு வேகம் குறையும், சிலருக்கு இரண்டு வருடம் விடாமல் ஓடிய பிறகுதான் நுரையீரலும் காலும் ஒத்துழைக்கத் தொடங்கும். 30 பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வடிகட்டி அனுப்பும் கோச் தன் ஐந்தாவது ஆளையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார். நியூட்டன் அனுப்பவில்லை. அவருடைய ஆதிக்கத்துக்கு நான் காணும் முதல் காரணம் இதுதான். இல்லினாயில் யார்க்கைவிடப் பெரிய பள்ளிகள் எத்தனையோ இருக்கின்றன. பள்ளியின் அளவு மட்டுமே காரணம் என்றால் அவர்கள் ஏன் 28 வாங்கவில்லை?

பணம் பற்றிய குற்றச்சாட்டை நான் தள்ளிவிட மாட்டேன். அதில் உண்மை உண்டு. இந்த விளையாட்டுக்குக் காலணி தவிரப் பெரிய செலவில்லை என்று சொல்வார்கள், அது பாதி உண்மை. கோடை முழுக்கக் காலையில் ஓட வேண்டுமென்றால் கோடையில் வேலைக்குப் போகத் தேவையில்லாத பையனாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே பயமில்லாமல் ஆறு மைல் ஓட ஒரு பாதை இருக்க வேண்டும். இரும்புச்சத்து குறைந்தால் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க மருத்துவக் காப்பீடு வேண்டும். சிகாகோ நகருக்குள் இருக்கும் பல பள்ளிப் பிள்ளைகளுக்கு இது எதுவும் எளிதில் கிடைப்பதில்லை.

ஆனால் பணமே எல்லாம் என்று சொல்பவர்கள் கலிபோர்னியாவின் மெக்ஃபார்லண்டை மறந்துவிடுகிறார்கள். கெர்ன் கவுண்டியில் இருக்கும் சின்ன விவசாய ஊர். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள். விடியுமுன் பெற்றோருடன் வயலில் வேலை செய்துவிட்டுப் பள்ளிக்குப் போன பையன்கள், மாலையில் ஜிம் ஒயிட் என்ற கோச்சிடம் ஓடினார்கள். கலிபோர்னியா மாநில கிராஸ் கன்ட்ரி போட்டி தொடங்கிய 1987இலேயே தங்கள் பிரிவில் பட்டம் வென்றார்கள். அதற்குப் பிறகும் வென்று மொத்தம் ஒன்பது பட்டங்கள். அந்தக் கதை திரைப்படமாகவும் வந்தது. யார்க்கையும் மெக்ஃபார்லண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊரும் வருமானமும் மொழியும் வேறு. பொதுவாக இருப்பது ஒரே ஊரில், ஒரே பள்ளியில், பல பத்தாண்டுகள் அசையாமல் நின்ற ஒரு பெரியவர். அண்ணன் ஓடினான், தம்பி ஓடினான், பிறகு அவர்கள் பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் கோச் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறார். கொடுக்கும் தொகை அப்படி. மாலை முழுக்கவும் சனிக்கிழமை முழுக்கவும் கேட்கும் வேலை அது, இளம் ஆசிரியர்களால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. அந்தப் பள்ளிகள் தோற்பதைப் பார்த்துவிட்டு யார்க்கின் வசதியைப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு, பிழிந்து எடுக்கிறார்கள் என்பது. இதில் நான் கோச்சுகள் பக்கம் அவ்வளவு எளிதாக நிற்க மாட்டேன், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில்.

நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் அருகே ஃபேயட்வில்-மேன்லியஸ் என்றொரு பள்ளி. பில் அரிஸ் என்பவர் கோச். அவர்களுடைய பெண்கள் அணி 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு முறை தேசியப் பட்டம் வென்றது. ஆஸ்திரேலியாவில் ஹெர்ப் எலியட் என்ற ஓட்ட வீரரை உருவாக்கிய கோச் பெர்சி செருட்டியின் வழியை அரிஸ் பின்பற்றினார். அதே எலியட்தான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 3:35.6இல் ஓடி உலகச் சாதனையோடு தங்கம் வென்றவர். பெண்களால் இவ்வளவுதான் தாங்க முடியும் என்ற பழைய கணக்கை அரிஸ் ஏற்கவில்லை. பையன்களோடு ஒன்றாகவே, அதே உறுதியோடு பயிற்சி கொடுத்தார். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை மதிக்க வேண்டும், நான் மதிக்கிறேன். "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு எதுக்கு" என்று சொல்லாத ஒரு பெரியவர் கிடைப்பது எந்த நாட்டிலும் அரிதுதான்.

இருந்தாலும் 14 வயதுப் பெண்ணின் உடம்பு 14 வயதுப் பையனின் உடம்பு அல்ல. அவனுக்குப் பருவம் வரும்போது தசையும் ரத்தமும் கூடி வேகம் தானாக ஏறுகிறது. அவளுக்கு இடுப்பு விரிகிறது, கொழுப்பு சேர்கிறது, ஒன்றிரண்டு வருடம் ஓடும் நேரம் அப்படியே நிற்கும், சில சமயம் பின்னாலும் போகும். எல்லாம் இயல்பாக நடப்பதுதான். அந்த நேரத்தில் ஒரு கோச்சோ, ஒரு தாயோ தகப்பனோ, "கொஞ்சம் எடை போட்டுட்டே போல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெண் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்குவாள். முதல் சில மாதம் ஓடும் நேரம் குறையும், எல்லோரும் கைதட்டுவார்கள். பிறகு மாதவிடாய் நிற்கும். அதற்கும் பிறகு எலும்பில் மயிரிழை விரிசல் வரும். வாழ்நாளுக்கான எலும்பு வலுவில் சுமார் 90 சதவீதம் பெண்களுக்கு 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்த வருடங்களில் இழந்ததைப் பிறகு முழுதாக ஈடுகட்டுவது மிகக் கடினம். செலவழிக்கும் சக்திக்குத் தகுந்த உணவில்லாமல் உடம்பு முழுக்கத் தளர்ந்துபோவதைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் ஒரு தனி நோய்நிலையாகவே வரையறுத்தது. மேரி கெய்ன் என்ற பெண், 17 வயதில் 2013 மாஸ்கோ உலகப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவள், பிறகு ஒரு தொழில்முறை அணியில் சேர்ந்து எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்கப்பட்டதாக 2019இல் வெளிப்படையாகச் சொன்னாள். மூன்று வருடம் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்றாள். அதைக் கேட்ட இரவு நான் தூங்கவில்லை.

இதை எழுதுவது எந்தப் பள்ளியையும் சந்தேகிக்க அல்ல. ஜெயிக்கும் பள்ளியில்தான் இது நடக்கும் என்றும் இல்லை, தோற்கும் பள்ளியில் கவனிக்க ஆளில்லாமல் இன்னும் எளிதாக நடக்கலாம். நாம் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கோப்பை என்பது மட்டுமாக இருக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பெண்களில் பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை பேர் இன்னும் ஓடுகிறார்கள்? எத்தனை பேர் எலும்பில் விரிசல் வந்து உட்கார்ந்தார்கள்? வேகம் குறைந்த வருடத்தில் அந்தப் பெண்ணை கோச் எப்படி நடத்தினார்? ஆதிக்கம் செலுத்தும் எந்தப் பள்ளியையும் நான் இதை வைத்துத்தான் எடை போடுவேன். கல்லூரியில் போய்ச் சாதித்தார்களா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். 22 வயதில் ஒருத்தி ஓட்டத்தை விட்டுவிட்டு வேறெதிலோ மனம் வைத்தால் அது அவள் விருப்பம், அதை வைத்துப் பள்ளிக் கோச்சைக் குறை சொல்வது தவறு. ஆனால் 22 வயதில் அவளுக்கு எலும்பு தேய்ந்திருந்தால் அதற்குப் பள்ளியும் பதில் சொல்ல வேண்டும், வீடும் பதில் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே கூடைப்பந்திலும் சாக்கரிலும் தேர்வு வைத்துப் பாதிப் பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள். கிராஸ் கன்ட்ரியில் பெரும்பாலான பள்ளிகள் வந்தவர்களை எல்லாம் சேர்த்துக்கொள்ளும். அதனால் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இதில் வந்து சேர்கிறார்கள். வர்சிட்டி என்பது பள்ளியின் முதல் அணி, ஜே.வி. அதற்கு அடுத்த அணி. சேர்ந்த மறுமாதமே நாம் நேரத்தைக் கேட்கத் தொடங்குகிறோம். "வர்சிட்டி எப்ப வருவே? ஜே.வி.யில ஓடி என்ன பிரயோஜனம், காலேஜ் அப்ளிகேஷன்ல போட முடியுமா?" ஒரு சனிக்கிழமைப் போட்டியில் 90ஆவதாக வந்த ஒரு பையன் தன் நேரத்திலிருந்து ஒரு நிமிடம் குறைத்திருந்தான், முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நின்ற அப்பா கேட்டது எத்தனையாவது இடம் என்று. அந்தச் சிரிப்பு எப்படிப் போயிற்று என்று நான் பார்த்தேன்.

இந்தப் பதிவை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. என் மகள் படிக்கும் பள்ளியில் அடுத்த சீசனிலிருந்து அணியின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. பேருந்து போதவில்லை, துணைக் கோச் ஒருவர்தான் இருக்கிறார், அதனால் நேரத்தை வைத்துத் தேர்வு நடத்தலாமாம். "தரம் கூடும், நாமும் ஸ்டேட்டுக்குப் போகலாம்" என்று சில பெற்றோர் ஆதரிக்கிறார்கள். ஜெயிக்க ஆசைப்படுகிறவர்களே ஜெயிக்கும் வழியை அடைக்கிறார்கள் என்பது என் வருத்தம். இந்த மாநிலத்தில் அதிகம் ஜெயித்த மனிதர் செய்தது இதற்கு நேர் எதிரானது.

வரும் செவ்வாய்க்கிழமை கல்வி வாரியக் கூட்டத்தில் நான் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னொரு துணைக் கோச் வேண்டும், அவர் பெண்ணாக இருந்தால் மிக நல்லது. உள்ளூர்ப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் காரில் கொண்டுபோய் விடப் பெற்றோர் தயார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். வரம்பு கூடாது. எங்கள் பள்ளி வட்டாரத்தில் இருப்பவர்கள் ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், பெயர் கொடுத்தால் ஒருவருக்கு மூன்று நிமிடம் பேசத் தருவார்கள்.